சிலம்பும் பயணப்பெட்டியும்



சோழநாட்டில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முள் பகை கொண்டிருந்த காலத்தில், நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்ட இளந்தத்தன் என்னும் புலவன் உறையூருக்குள் புகுந்தான். உறையூர் அப்போது நெடுங்கிள்ளியின் கையில் இருந்தது. பகைவன் பக்கமிருந்து வந்தவன் ஆதலின் இவன் ஒற்றனே எனக் கொண்ட நெடுங்கிள்ளி, அவனைக் கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் குறுக்கே நின்று பாடிப் புலவனை உய்வித்தார். புறநானூற்றின் நாற்பத்தேழாம் பாட்டின் அடிக்குறிப்பு தரும் செய்தி இது, அவையோர் அறிந்ததே.

அறிந்த செய்தியேயாயினும் மற்றொரு முறை நோக்கத்தக்கது. இளந்தத்தனிடம் மறையோலை ஏதும் அகப்பட்டதாகக் குறிப்பு இல்லை. அரண்மனையின் மதிலை அளந்தான் என்றோ, காவலரிடம் துருவிக் கேட்டான் என்றோ குறிப்பு இல்லை. அவன் மேல் ஏறிய குற்றம் ஒன்றே ஒன்று: அவன் புறப்பட்டு வந்த இடம். இன்றைய விமான நிலையத்தில் கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டும் அலுவலர் கண் ஒரு முத்திரையில் நின்றுவிடுமே, அந்த முத்திரைதான் நலங்கிள்ளி.

கோவூர்கிழாரின் வாதமும் கூர்ந்து காணத்தக்கது. புலவர் எத்தகையோர் என்பதையே அவர் பாடுகிறார். பறவைபோல் நெடுந்தொலைவு கடந்து வள்ளல்களை நாடுவர், பெற்றது கொண்டு மகிழ்வர், சுற்றத்தை ஊட்டுவர், பிறர்க்குத் தீங்கு செய்யார். இளந்தத்தன் என்னும் தனி ஒருவன் செய்தது என்ன, செய்யாதது என்ன என்னும் ஆய்வு அப்பாட்டில் இல்லை. இனம் நோக்கி எழுந்த ஐயத்தை இனம் நோக்கிய நற்சான்று கொண்டே அவர் தடுத்தார். உயிர் பிழைத்தது, நன்று. ஆயினும் அன்று உறையூர் வாயிலில் பிடிபட்டவன் ஓர் உப்பு வணிகனாகவோ குயவனாகவோ இருந்திருந்தால் அவனுக்காக யார் வந்து பாடியிருப்பர்? கவிஞர்கள் கூடியிருக்கும் இவ்வவையில் இவ்வினா சற்று உறுத்தலாம். உறுத்துவதில் தவறில்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இதனினும் நுட்பமானது. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் கோவலனைக் காட்டிக் கொடுக்கிறான். காவலர் வந்து கோவலனைக் காண்கின்றனர். கண்ட அளவில் அவர்கள் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமன்று என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர் கைக்கொள்ளும் வழி எட்டு என வரிசைப்படுத்துகிறான். பகலில் தூதன் கோலத்திலும் இரவில் பெண் கோலத்திலும் அரண்மனைக்குள் புகுந்து, உறங்கிய இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கள்வனின் கதையைச் சொல்கிறான். அதைக் கேட்ட காவல் இளைஞன் ஒருவன், மழைக்கால நள்ளிரவில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனை நினைவுகூர்கிறான். இப்படிக் கதை மேல் கதையாக அச்சம் ஏறிக்கொண்டிருக்கும்போதே கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இக்காட்சியில் பொற்கொல்லனை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நகர்வது உரையாசிரியர்க்கும் மேடைப் பேச்சாளர்க்கும் எளிது. ஆனால் நேர்மையாகத் தயங்கிய காவலரும் என்ன செய்தனர்? அவர்களும் முகத்தையே படித்தனர். அவர்கள் படித்த இலக்கணம் கோவலனுக்குச் சார்பாக இருந்தது. பொற்கொல்லன் ஓதிய இலக்கணம் எதிராக இருந்தது. இலக்கணத்தோடு இலக்கணம் மோதியபோது, அச்சம் கலந்த இலக்கணமே வென்றது. கையில் இருந்த சிலம்பை ஒருவரும் ஆராயவில்லை. அதன் இணை எங்கே என ஒருவரும் வினவவில்லை. பின்னர் கண்ணகி அரசவையில் கேட்டது அதைத்தான். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் அறிந்துகொள்ளக்கூடிய உண்மை அது. ஆளை அளந்தவர்கள் பொருளைத் திறக்கவில்லை என்பதே மதுரையின் பிழை.

இதற்கு மறுதலையான காட்சி ஒன்றும் தமிழில் உண்டு. திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனாரை வெல்லமாட்டாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, நூற்கட்டு ஒன்றை ஏந்தி வந்தான். வாயில்தோறும் நின்றோர் வணங்கி வழிவிட்டனர். அரசர் துயிலும் நேரம் என்று தத்தன் ஒருவன் தடுத்துப் பார்த்தான், பயன் இல்லை. நூற்கட்டுக்குள் கத்தி இருந்தது. பெரியபுராணம் இதை அடியார் வேடத்தின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அப்பொருளில் கை வைப்பதற்கில்லை. காவலின் கண்கொண்டு பார்த்தால் மட்டும், ஒருவன் கோலம் கண்டு ஐயுறுவது எவ்வளவு பிழையோ, கோலம் கண்டு தெளிவதும் அவ்வளவு பிழை என்பது புலனாகும். துறவியர் கோலம் ஒற்றருக்கு உதவும் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவரே சொல்லிவைத்தார்.

இந்த மூன்று வாயில்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு விமான நிலையத்தின் வாயிலுக்கு வரலாம்.

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பு செல்லும் விமானத்திற்கெனப் பெட்டிகளை ஒப்படைத்த பயணி விமானம் ஏறவில்லை; குண்டு அவன் பெட்டியில் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தனர். அங்கும் அதே கதை: பெட்டி ஏறியது, பெட்டிக்குரியவன் ஏறவில்லை. இவ்விரண்டு பேரழிவுகளிலும் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி மிக எளியது. இந்தப் பெட்டி யாருடையது? அவர் உள்ளே அமர்ந்திருக்கிறாரா? அவருடைய சமயம் எது, மொழி எது, எந்த ஊர்க்காரர் என்னும் கேள்விகள் அங்கே எதையும் காத்திருக்கமாட்டா. பயணியையும் பெட்டியையும் பொருத்திப் பார்த்த பின்னரே விமானம் புறப்பட வேண்டும் என்னும் கண்டிப்பு உலகெங்கும் வலுப்பெற்றது இத்தகைய இறப்புகளின் பின்னர்தான்.

எதிர்வாதம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1986 ஏப்ரலில் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், இஸ்ரேலுக்குப் புறப்பட்ட ஓர் அயர்லாந்துக் கர்ப்பிணிப் பெண்ணின் பையில் வெடிமருந்து இருந்தது. காதலன் தந்த பை. உள்ளே இருப்பது இன்னதென்று அவளுக்கே தெரியாது. எல் ஆல் நிறுவனத்தின் காவலர் வினவியும் பையைச் சோதித்தும் அதைக் கண்டுபிடித்தனர். வினவுதல் பயன் தரும் என்பதற்கு இதைச் சான்று காட்டுவர். உண்மையே. ஆனால் முகத்தையும் பெயரையும் கொண்டு மட்டும் பட்டியலிட்டிருந்தால் அப்பெண் எந்தப் பட்டியலிலும் வந்திருக்கமாட்டாள். அமெரிக்காவில் பயணிகளைக் கணிப்பொறியால் முன்கூட்டியே தரம் பிரிக்கும் முறை 1990களின் இறுதியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய பத்தொன்பது பேரில் பாதிக்கும் மேற்பட்டோரை அம்முறை தேர்ந்தெடுத்தும் இருந்தது. ஆயினும் அத்தேர்வின் விளைவு அவர்கள் ஒப்படைத்த பெட்டிகளோடு நின்றது. ஆளைச் சரியாகச் சுட்டிய பட்டியலே கையில் இருந்தும், அவர்கள் உடன் கொண்டு சென்றதை எவரும் தடுத்து வைக்கவில்லை.

இந்தியாவில் 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பின்னரே விமான நிலையங்களின் காவல் மாநிலக் காவல்துறையிடமிருந்து மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்கு மாறத் தொடங்கியது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் முதல் நிலையம். பீளமேட்டு நிலையத்தில் இன்று காக்கி உடுத்து நிற்போரும் அப்படையினரே. திருப்பூர்ப் பின்னலாடை வணிகரும், சார்ஜா செல்லும் தொழிலாளியும், பேரப்பிள்ளையைக் காணப் புறப்படும் பாட்டியும் ஒரே வரிசையில் நின்று, ஒரே சட்டத்தின் வழியே நுழைந்து, ஒரே கருவியால் தடவப்படுவது குடியாட்சியில் எளிதில் காணக்கிடைக்காத காட்சி. கோயில் வாயிலில்கூட இத்தகைய சமன்மை எளிதில் வாய்ப்பதில்லை.

அச்சமன்மையைக் கண்டு நாடே கொதித்த நாளும் உண்டு. 2009 ஏப்ரல் 21ஆம் நாள் தில்லி விமான நிலையத்தில், முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை அமெரிக்க நிறுவனமான கான்டினென்டல் ஏர்லைன்சின் ஊழியர்கள் உடற்சோதனை செய்தனர். இராமேசுவரத்துப் பெரியவர் மறுப்பேதும் சொல்லாமல் ஒத்துழைத்தார். சூலையில் செய்தி வெளிவந்தபின் நாடாளுமன்றம் கொந்தளித்தது; நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் மீண்டும் ஒரு முறை: விமானத்தில் அமர்ந்துவிட்டவரிடமிருந்து மேற்சட்டையையும் காலணியையும் வாங்கிச் சென்று சோதித்தனர். அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது.

அன்றைய சினத்தில் இரு வேறு உணர்ச்சிகள் கலந்திருந்தன. ‘எங்கள் பெரியவரைத் தொடலாமா’ என்பது ஒன்று. ‘அவர் பெயர் அதுவாக இல்லாதிருந்தால் தொட்டிருப்பார்களா’ என்பது மற்றொன்று. முதல் உணர்ச்சி விலக்குப் பட்டியலைக் கேட்கிறது; இரண்டாவது நீதியைக் கேட்கிறது. சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டோரின் நீண்ட பட்டியல் ஒன்று இந்திய விமான நிலையங்களில் உண்டு. பதவி எதுவும் வகிக்காத ஒருவரின் பெயர்கூட 2015 வரை அதில் இருந்து பின்னரே நீக்கப்பட்டது. முத்தநாதனுக்கு வழிவிட்ட வாயில் அது. கலாமுக்கு இழைக்கப்பட்டது அநீதியா என்று முடிவு செய்ய அறிந்திருக்க வேண்டியது, அன்று அந்த விமானத்தில் ஏறிய ஏனையோரையும் அவ்வாறே சோதித்தனரா என்பதுதான். பரபரப்பில் அக்கேள்வி உரத்து ஒலிக்கவில்லை.

பெயரே குற்றமாகும் நிலை வேறு. பரமக்குடியில் அய்யங்கார் குடும்பத்தில் பிறந்த கமல்ஹாசன், பெயரின் பின்பாதி எழுப்பிய ஐயத்தால் 2002இல் டொரன்டோ விமான நிலையத்தில் அமெரிக்கக் குடிவரவு அலுவலரால் நிறுத்தி வைக்கப்பட்டார். இதை நகைச்சுவையாகச் சொல்லி, ‘அவர் அவரல்லவே’ என்று சிரித்தவர் பலர். அச்சிரிப்பினுள் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது: அவர் ‘அவராகவே’ இருந்திருந்தால் நிறுத்தியது சரி என்னும் ஒப்புதல். பிழை ஆள் மாறாட்டத்தில் இல்லை. பெயரை அளவுகோலாக்கியதில் இருக்கிறது.

உடையும் அவ்வாறே அளவுகோலாவதுண்டு. 2010 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில் இந்தியத் தூதர் மீரா சங்கர் தனியே அழைக்கப்பட்டு உடல் தடவிச் சோதிக்கப்பட்டார். காரணம் அவர் உடுத்தியிருந்த சேலை. கருவி ஒலி எழுப்பவில்லை. தூதர் என்னும் சான்று கையில் இருந்தது. ஆயினும் உடலோடு ஒட்டாத உடை ஐயத்திற்குரிய உடையாயிற்று. கோவைப் பெண்கள் அன்றாடம் உடுத்தும் ஐந்தரை மீட்டர் துணி, அவ்வூர்ச் சட்டத்தில் ஒளிவிடமாகப் பொருள் கொள்ளப்பட்டது.

இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவதே நீதி என்று இதுவரை சொல்லப்பட்டது முழு உண்மையன்று. பரதக் கலைஞர் சுதா சந்திரன் விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் கால் பொருத்தி மீண்டும் ஆடியவர். ‘மயூரி’ அவர் வாழ்க்கையையே கதையாகக் கொண்ட படம். 2021 அக்டோபரில் அவர் பிரதமருக்கு வேண்டுகோளாக ஒரு காணொளி வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள். வெடிமருந்துத் தடம் அறியும் கருவி கொண்டு சோதிக்கலாமே என்பது அவர் முறையீடு. தொழிற்பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. எல்லோரும் கையிலிருப்பதைக் கழற்றித் தட்டில் வைக்கிறார்கள், நீங்களும் வையுங்கள் என்பது ஏட்டளவில் சமன்மை. ஒருவர்க்கு அது கைக்கடிகாரம், மற்றொருவர்க்குக் கால். சேலை, பர்தா, தலைப்பாகை, சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கெல்லாம் இது பொருந்தும். எல்லோரையும் சோதிக்க வேண்டும், எவரையும் சிறுமைப்படுத்தலாகாது. இரண்டும் சேர்ந்து நடப்பது கடினம், கூடாததன்று. திரை மறைவில் பெண் காவலர் சோதிப்பது இந்திய நிலையங்களில் வழக்கமாகிவிட்டதே அதற்குச் சான்று.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்சநீதிமன்றம், ஒருவர் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருக்க வேண்டும் என்றது. கடவுச்சீட்டு முடக்கத்தால் எழுந்த வழக்கு அது. அயல்நாடு செல்லும் உரிமை தனிமனித உரிமையின் பகுதி என்பது அதில் உறுதிப்பட்டது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 2022 டிசம்பரில் தில்லி, பெங்களூரு, வாரணாசி நிலையங்களில் முகத்தையே நுழைவுச்சீட்டாக ஏற்கும் ‘டிஜி யாத்திரை’ தொடங்கியது. விரும்பினோர்க்கு மட்டுமே என்கிறார்கள். வரிசை குறைவது உண்மை. மதுரைக் காவலர் கோவலன் முகத்தைப் படித்தது கண்ணால்; அவர்கள் மறந்துவிடவும் கூடும். கணிப்பொறி படிக்கும் முகம் எவ்வளவு நாள் எங்கே தங்கும், யார் கைக்குப் போகும் என்பதை விரைந்து நடக்கும் பயணி நின்று கேட்பதில்லை.

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை போலத் தோன்றலாம். கோவையிலேயே நடந்ததைப் பேசாமல் இப்பொருளை முடிப்பது அறமாகாது.

1990களில் கோட்டைமேட்டுக்குள் நுழையும் தெருக்களில் காவல்துறையின் சோதனைச் சாவடிகள் இருந்தன. பள்ளி விட்டு வரும் பிள்ளையும், கடை அடைத்துத் திரும்பும் தகப்பனும் தம் வீட்டுக்குத் தாமே விடையளித்துவிட்டுச் செல்ல வேண்டியிருந்தது. விமான நிலையச் சோதனைக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்று உண்டு. விமான நிலையத்தில் ஊரே வரிசையில் நிற்கிறது. அங்கே ஒரு தெரு மட்டும் நின்றது. 1997 நவம்பர் இறுதியில் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் பதினெட்டு இசுலாமியர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் போயின. 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கடைவீதிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களிடம் சென்று, ஐயுறுவது தவறு என்று உபதேசம் செய்ய எவர்க்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தக் குடும்பங்கள் இழந்ததற்கு விலையாக ஒரு தெருவில் பிறந்தோர் அனைவரும் வாழ்நாள் முழுதும் விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் நீதியன்று. பையிலும் வண்டியிலும் வைக்கப்பட்ட குண்டுகள் அவை. பையையும் வண்டியையும் திறந்து பார்க்கும் காவல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஊர் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆர்.எஸ்.புரத்தில் காரைத் திறக்கச் சொல்லும் அதே குரல் கோட்டைமேட்டிலும் ஒலித்தால் போதும். முகவரி கேட்டபின் மாறும் குரலைத்தான் தாங்க முடியாது. 2022 அக்டோபரில் கோட்டை ஈசுவரன் கோயிலுக்கு முன் கார் ஒன்று வெடித்துச் சிதறியபோது ஊரின் பழைய அச்சமும் பழைய ஐயமும் ஒருங்கே எழுந்தன. இம்முறை ஊர் அமைதி காத்தது. அது எளிய செய்தியன்று.

தமிழர் இதை அயலார் துன்பமாக எண்ணிக்கொள்ளவும் இயலாது. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பில் வெள்ளவத்தை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் எழுப்பப்பட்டு, பேருந்துகளில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலிய ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். எண்ணிக்கை முந்நூற்றுக்கும் மேல். வெளிநாடு செல்லத் தாள்களோடு காத்திருந்தோரும் மருத்துவத்திற்கு வந்தோரும் தங்கும் விடுதிகள் அவை. தமிழராயிருந்து விடுதியில் தங்கியதே காரணமாயிற்று. மறுநாளே இலங்கை உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி ஆணையிட்டது. வழக்குத் தொடுத்தது கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம். உறையூர் வாயிலில் கோவூர்கிழார் பாடியதற்கு ஒப்பான செயல் அது. இம்முறை புலவர் என்னும் நற்சான்று தேவைப்படவில்லை. குடிமகன் என்பதே போதுமானதாயிற்று.

கொழும்பில் தமிழ் பேசியதால் ஐயத்திற்குள்ளானோர், கடல் கடந்து தமிழகம் வந்தபின் வேறொரு தமிழ் பேசியதால் ஐயத்திற்குள்ளாயினர். 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டபின், ஈழத்து உச்சரிப்பு ஒன்றே காவல் நிலையம் வரை கொண்டு செல்லப் போதுமானதாக இருந்த காலம் இங்கும் இருந்தது. வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்பட்டது. கொங்கு நாட்டிலேயே பவானிசாகரில் அகதிகள் முகாம் இருக்கிறது. வெளியே சென்றால் குறித்த நேரத்தில் திரும்பிக் கணக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கை அது. அந்நாள்களில் பேருந்தில் பயணச்சீட்டுக் கேட்கக்கூட வாய் திறக்க அஞ்சியோர் உண்டு. ‘கதைக்கிறன்’ என்று நாவில் வந்ததை விழுங்கிக்கொண்டு, ‘பேசுறேன்’ என்று சொல்லப் பழகிக்கொண்ட தாய்மார் உண்டு. வீட்டுக்குள் பழைய சொல், வாசல் தாண்டினால் புதிய சொல் எனப் பிள்ளைகளுக்கும் அதைப் பழக்கினர்.